பவளத் தொட்டிக்கு ட்ரோக்கஸ் நத்தை: வாங்கலாமா?

வீட்டில் பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டிக்கு இந்தக் கடல் நத்தையைத் தாராளமாக வாங்கலாம். கண்ணாடியிலும் பாறையிலும் படியும் மெல்லிய பாசியைச் சுரண்டித் தின்பதில் கெட்டிக்காரன். நாக்கில் அரம்போல வரிசையாகப் பற்கள். மேய்ந்த தடம் கண்ணாடியில் வளைந்து வளைந்து தெரியும். கடலில் பவளப்பாறைக்கும் இதே உபகாரம்தான்: பாசி நீங்கிய இடத்தில்தான் பவள லார்வாக்கள் ஒட்டி வளர முடியும்.

கவிழ்ந்தால் தானாக நிமிர்ந்துவிடும், இதுதான் பெரிய பலம். தொட்டிகளில் விடும் இன்னொரு வகையான ஆஸ்ட்ரியா நத்தை மணலில் மல்லாந்தால் பெரும்பாலும் அப்படியே செத்துப்போகும். நீண்ட முடிப்பாசியை மட்டும் இதனிடம் எதிர்பார்க்காதீர்கள். அதைக் கையால்தான் பிடுங்க வேண்டும்.

வாங்கும்போது அடிப்பக்கச் சதையான காலைத் தொட்டுப் பாருங்கள். சட்டென்று உள்ளே இழுத்து மூடியை அடைக்க வேண்டும். தொங்கினாலோ நாறினாலோ வேண்டாம். உப்பளவு திடீரென மாறினால் தாங்காது. நத்தை வந்த நீரில் 1 முதல் 2 மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தொட்டி நீரைச் சேர்த்துப் பழக்குங்கள். செம்பு கலந்த மீன் மருந்து போட்ட தொட்டியில் விடவே கூடாது, கொன்றுவிடும்.

40 லிட்டருக்கு ஒன்று என்று தொடங்குங்கள். கூடுதலாக விட்டால் பாசி தீர்ந்து பட்டினி கிடக்கும். அப்போது நோரித் தாளை (உலர்ந்த கடற்பாசித் தாள்) கல்லில் கட்டிப் போடுங்கள். காலி ஓட்டில் குடியிருக்கும் துறவி நண்டு இருந்தால் காலி ஓடுகளும் போட்டு வையுங்கள், இல்லையென்றால் ஓட்டுக்காகவே நத்தையைக் கொல்லும்.