கட்டுநாயக்கவில் வாங்குவதா, கார்கோவில் போடுவதா, ஹட்டனிலேயே எடுப்பதா?

குவைத்திலோ சவூதியிலோ வேலை ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்புகிற நேரத்தில் மலையகத்து வீடுகளில் போன் பேச்சு கடைசியில் சாமான் கணக்கில்தான் வந்து நிற்கும். டிவி, பிரிட்ஜை அங்கிருந்தே அனுப்புவதா, கட்டுநாயக்க விமான நிலையத்துத் தீர்வையற்ற கடையில் எடுப்பதா, காசைக் கொண்டுவந்து ஹட்டன் டவுன் கடையில் வாங்குவதா? பெரும்பாலும் விலையை மட்டும் பார்த்து முடிவு செய்துவிடுகிறார்கள். எனக்கு இன்னொரு கேள்வியும் உண்டு: வீட்டில் பணமுடை வந்தால் அதை விற்க முடியுமா?

தீர்வைச் சலுகை, அதாவது இறக்குமதி வரி விலக்கு, வெளிநாட்டிலிருந்து வருகிற ஆளுக்குத்தான் கொடுக்கப்படுகிறது. எவ்வளவு காலம் வெளிநாட்டில் இருந்தார் என்பதைப் பொறுத்து அந்தத் தொகை மாறும். சாமான் சொந்தப் பாவனைக்கு என்றுதான் சுங்கத்தில் விடுகிறார்கள். ஒரே மாதிரி நாலு டிவி இறங்கினால் அது வியாபாரச் சரக்கு.

இப்படித் தீர்வையில்லாமல் வந்த சாமானை விற்கலாமா என்பது எழுத்தில் தெளிவாக இருப்பதற்கு ஓர் உதாரணம், வெளிநாட்டில் நிலைகொண்டிருக்கும் படைவீரர் குடும்பங்கள். நேட்டோ படைக் கூட்டணி நாடுகள் 1951இல் செய்துகொண்ட உடன்படிக்கையின் 11ஆம் உறுப்புரை, வீரர் முதன்முதலாகப் பணிக்கு வரும்போது தளபாடங்களைத் தீர்வையில்லாமல் இறக்க இடம் தருகிறது. போகும்போது திருப்பி எடுத்துக்கொண்டும் போகலாம். ஆனால் அந்த நாட்டுக்குள் விற்பதோ அன்பளிப்பாகக் கொடுப்பதோ சாதாரணமாக முடியாது. அந்நாட்டு அதிகாரிகள் அனுமதித்து, தீர்வை, வரி போன்ற நிபந்தனைகள் நிறைவேறினால்தான் உண்டு. அன்பளிப்பும் அதில் சேர்த்திதான், கவனியுங்கள். ஜப்பானுடன் அமெரிக்கா 1960இல் செய்த உடன்படிக்கையிலும் இதே போக்குதான்: அந்தச் சலுகை இல்லாதவர் கைக்குச் சாமான் போகக்கூடாது. அதனால் மாற்றலாகிப் போகிறவர், அடுத்து வரும் இன்னொரு வீரரின் வீட்டுக்கே விற்றுவிட்டுப் போகிறார். ஜெர்மனியில் இருக்கும் அமெரிக்கக் குடும்பத்தின் 120 வோல்ட் மிக்ஸியும் அதற்கென்று வாங்கிய டிரான்ஸ்ஃபார்மரும் 230 வோல்ட் வீட்டுக்கார ஜெர்மன்காரருக்கு எதற்கு?

நம்மவர்களுக்கு அப்படி ஒரு வட்டம் கிடையாது. தோட்டத்தில் விற்றால் பக்கத்து லயத்து வரிசை வீட்டுக்கு, டவுனில் விற்றால் பழைய சாமான் வாங்குகிற கடைக்கு. இரண்டு இடத்திலும் முதல் கேள்வி, "பில் இருக்கா?"

கார்கோவை எடுத்துக்கொள்வோம். கம்பளம், சட்டி பானை, பால்மா, சோப்பு என்றால் கண்ணை மூடிக்கொண்டு கார்கோவில் போடலாம். நுவரெலியாக் குளிருக்கு அந்தத் தடித்த அரபுக் கம்பளம் ஒன்று போதும், யாரும் விற்கவும் மாட்டார்கள். மோட்டார் ஓடுகிற சாமானில்தான் சிக்கல். சவூதியில் மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், பழைய வீடுகளில் 127 வோல்ட். இங்கே 50 ஹேர்ட்ஸ், 230 வோல்ட். டிவி பெரும்பாலும் சமாளித்துவிடும். பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் சமாளிக்கும் என்று நான் சொல்லமாட்டேன். பழுதானால் உதிரிப்பாகத்துக்கும் அலைய வேண்டும். அப்படிப்பட்டதை எந்தக் கடைக்காரர் நல்ல விலைக்கு எடுப்பார்?

கட்டுநாயக்க கடையில் அந்தத் தொல்லை இல்லை. இந்த நாட்டு மின்சாரத்துக்கு ஏற்ற சாமான், தீர்வை போனதால் விலையும் இறக்கம். பில்லையும் வாரண்டி அட்டையையும் பாஸ்போர்ட் கவரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் களைத்துப்போய் இறங்குகிற நேரத்தில், வெளியே வேன்காரர் காத்திருக்க, அவசரமாகத் தெரிவு செய்ய வேண்டும். அதன்பிறகு கித்துல்கல, கினிகத்தேன வளைவுகளில் ஏற்றிவந்து, ரோட்டில் இறக்கி, கயிறு கட்டி நாலு பேர் தோளில் படியிறக்கிக் கொண்டுபோக வேண்டும். லயத்துக் காம்பராவில் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் அது எங்கே நிற்கும் என்பதை முதலிலேயே அளந்து பார்க்காதவர்கள் நிறைய. சலுகையை வீணாக்கக்கூடாது என்ற ஆசையில் தேவைக்கு மிஞ்சிய அளவில் வாங்கிவிடுவதுதான் இதில் பெரிய நட்டம்.

ஹட்டனில் வாங்கினால் விலை கூடத்தான். ஆனால் அதில் தீர்வை ஏற்கெனவே கட்டியாகிவிட்டது, பில் வீட்டுக்காரர் பேரில் இருக்கும், கடைக்காரரே லொறியில் கொண்டுவந்து இறக்குவார். நாளைக்கு யாருக்கு விற்றாலும் சுங்கத்தோடு பேச்சே இல்லை. மகள் அனுப்புகிற காசில் கடன் கட்டுகிற வீடு, படிக்கிற பிள்ளை இருக்கிற வீடு என்றால் என் ஓட்டு இதற்குத்தான். கடன் இல்லாத வீடு, பத்து வருஷம் வைத்திருக்கப் போகிற பிரிட்ஜ் என்றால் கட்டுநாயக்கவே லாபம். கார்கோவில் பிரிட்ஜ் போடுவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

அப்புறம், பஜாரில் யாராவது "டியூட்டி ஃப்ரீ சாமான், மலிவாத் தாறேன்" என்று வந்தால், யாருடைய பாஸ்போர்ட்டில் வந்தது, பில் எங்கே என்று கேளுங்கள். பதில் இழுபட்டால் வாங்காதீர்கள்.