கடற்கரைப் பங்கு ஒன்றின் தவக்கால வெள்ளிகள்: ஒரு மதிப்புரை

கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில், கோட்டாறு மறைமாவட்டத்தைச் சேர்ந்த மீனவர் பங்கு (ஒரு கோவிலைச் சார்ந்த கத்தோலிக்கச் சமூகம்) ஒன்று, ஈஸ்டர் எனப்படும் உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தின் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாலையில் தெருச் சிலுவைப்பாதை, அதைத் தொடர்ந்து திருப்பலி, பின்னர் பங்கு மண்டபத்தில் அனைவருக்கும் கஞ்சி என்ற ஒழுங்கை நடத்திவருகிறது. பக்கத்துப் பங்கைச் சேர்ந்த நான், 2026-ஆம் ஆண்டு பிப்ரவரி 18 அன்று வந்த தவக்காலத் தொடக்க நாளான திருநீற்றுப் புதனில் தொடங்கி, அதன் கடைசி வாரமான பெரிய வாரம் வரை இந்த ஏற்பாட்டில் கலந்துகொண்டேன். குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் பங்கின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். தவக்காலத்தை ஒவ்வொருவரும் தனித்தனியே சமாளித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடாமல், ஊர் முழுவதும் சேர்ந்து ஒன்றை இழக்கவும், இழந்ததை இன்னொரு வீட்டுக்குக் கொண்டுசேர்க்கவும் வழிசெய்திருப்பதே இந்த ஏற்பாட்டின் தனிச்சிறப்பு என்பது என் மதிப்பீடு. மற்றப் பங்குகளும் இதைப் பின்பற்ற வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன்.

கடற்கரையில் தவக்காலத்துக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. வெள்ளிக்கிழமையில் திருச்சபைச் சட்டம் விலக்கச் சொல்வது இறைச்சியை மட்டுமே. மீனுக்குத் தடை இல்லை. திருத்தந்தை ஆறாம் பவுல் 1966-இல் நோன்பு ஒழுங்குகளைத் திருத்தியபோதும், 1983-இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பிலும் இந்த வரையறை மாறவில்லை. கறி சமைக்கும் வழக்கமுள்ள வீட்டில் அது இல்லாத நாள் உடனே தெரிந்துவிடும். ஆனால் காலையில் கரைக்கு வரும் சாளையும் நெத்திலியும்தான் மதியக் குழம்பு என்று வாழும் ஊரில், இறைச்சி இல்லாத வெள்ளிக்கும் மற்ற நாள்களுக்கும் என்ன வேறுபாடு இருக்கப்போகிறது? சட்டத்தை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்துக்கொண்டே, எதையும் விட்டுக்கொடுக்காமல் ஒரு தவக்காலத்தைக் கடந்துவிடலாம்.

இந்தப் பங்கு அதை வெளிப்படையாகப் பேசி, வெள்ளிக்கிழமைகளில் மீனையும் விலக்கும்படி மக்களைக் கேட்டுக்கொள்கிறது. இது சட்டம் கேட்பதற்கும் மேலாக ஊர் தானே விரும்பி ஏற்றுக்கொண்ட ஒறுத்தல் என்பதைத் தவக்காலக் கையேட்டின் தொடக்கத்திலேயே தெளிவாக அச்சிட்டிருக்கிறார்கள். 14 வயது நிறைந்தவர்களுக்குச் சுத்தபோசனம் (இறைச்சி விலக்கல்), 18 வயது நிறைந்தவர்கள் முதல் 60-ஆம் வயது தொடங்கும்வரை உள்ளவர்களுக்கு ஒருசந்தி (நாளில் ஒருவேளை மட்டும் முழு உணவு), அந்த ஒருசந்தியும் கட்டாயமாவது திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் ஆகிய இரண்டு நாள்களில் மட்டும் என்ற விவரங்களும் அதே பக்கத்தில் உள்ளன. நோயாளிகளும் கருவுற்ற பெண்களும் இவற்றால் கட்டுப்பட்டவர்கள் அல்லர் என்றும், தங்குகடலுக்குப் போய்ப் படகிலேயே பல நாள் சமைத்து உண்பவர்கள் பங்குத்தந்தையிடம் விலக்கோ மாற்று ஒறுத்தலோ கேட்டுப் பெறலாம் என்றும் சேர்த்திருக்கிறார்கள். சட்டம் எது, ஊர் வழக்கம் எது என்று யாரும் பிரித்துச் சொல்லாத காரணத்தால், மருந்து சாப்பிட வேண்டிய முதியவர்கள் வெறும் வயிற்றோடு கிடந்து உடல்நலம் கெட்டதைப் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். ஆகவே இந்த ஒரு பக்கத்துக்காகவே கையேட்டுக்குக் கொடுத்த 30 ரூபாய் தகும் என்பேன்.

இனி கஞ்சிக்கு வருகிறேன். வெள்ளிக்கு ஓர் அன்பியம் (பங்கின் பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு குழு) என்று முறைவைத்துச் சமைக்கிறார்கள். பிற்பகலில் மண்டபத்தின் பின்புறம் கல் அடுப்பு மூட்டி, பெரிய வார்ப்பில் சம்பா அரிசியை வேகவைக்கிறார்கள். தொட்டுக்கொள்ளச் சிறுபயறு, சுட்ட தேங்காயும் காந்தாரி மிளகாயும் புளியும் சேர்த்து அம்மியில் அரைத்த துவையல், அவித்த மரச்சீனிக் கிழங்கு, அவ்வளவுதான். அடுப்புக்குச் சற்றுத் தள்ளிப் பாய் விரித்து அமர்ந்திருக்கும் மூத்த பெண்கள், பழுத்த பிலாவிலையை, அதாவது பலா இலையை, கூம்பாகச் சுருட்டி, ஓரத்தைத் தென்னை ஈர்க்கால் குத்தி நிறுத்தி, கஞ்சி கோரிக் குடிப்பதற்கான கரண்டிகளாகச் செய்து குவிக்கிறார்கள். பச்சை இலை மடிக்கும்போது கீறிவிடும், நன்றாகக் காய்ந்தது நொறுங்கிவிடும் என்பதால், மஞ்சள் படர்ந்து நெகிழ்வாக இருக்கும் இலைகளையே பொறுக்கி எடுக்கிறார்கள். அருகில் அமர்ந்து கற்றுக்கொள்ளும் சிறுமிகளின் கையில் ஈர்க்கு இலையின் நடுநரம்பைக் கிழித்துவிட, பாட்டிமார் ஒன்றும் சொல்லாமல் அடுத்த இலையை எடுத்துக் கொடுப்பார்கள். மறைக்கல்வி வகுப்பில் தவக்காலம் பற்றிச் சொல்லித்தருவதில் பாதியை இந்தப் பாயில் கற்றுவிடலாம் என்று எனக்குத் தோன்றியது.

சுவையைப் பற்றியும் சொல்ல வேண்டும். துவையல் எல்லா வாரங்களிலும் மிக நன்றாக இருந்தது. பயறு சில வாரங்களில் குழைந்து, கஞ்சியோடு கரைந்துவிட்டது. முதல் வெள்ளியன்று உப்பு குறைவு. கேட்டபோது இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்காகக் குறைத்ததாகவும், வேண்டுவோர் போட்டுக்கொள்ளலாம் என்றும் சொல்லிக் கல்லுப்புக் கிண்ணத்தைக் காட்டினார்கள். இடையில் ஒரு வெள்ளியன்று, முறைவந்த அன்பியத்தார் அப்பளம், மாங்காய் ஊறுகாய், இறுதியில் பாயசம் என்று பரிமாறினார்கள். அவர்களுடைய அன்பை நான் குறைசொல்லவில்லை. ஆனால் அடுத்த அன்பியம் அதைவிட அதிகமாகச் செய்ய வேண்டிய கட்டாயம் அந்த இடத்திலேயே பிறந்துவிடும்; வசதி குறைந்த தெருவினர் கடன் வாங்கிக் கஞ்சி வைக்கும் நிலையும் வரும். மறுவாரமே பங்குத்தந்தை அறிவிப்பு நேரத்தில், எல்லா வெள்ளிகளுக்கும் ஒரே உணவுப் பட்டியல்தான் என்று சொல்லி முடித்துவைத்தது சரியான முடிவு.

பந்தியில் தனி மேசை எவருக்கும் இல்லை. விசைப்படகு வைத்திருப்பவரும், அதே படகில் மீன் வருவாயில் ஒரு பங்கைக் கூலியாகப் பெற்று வேலைக்குப் போகும் தொழிலாளியும் ஒரே வரிசையில் தரையில் அமர்கிறார்கள். பங்குப்பேரவை உறுப்பினர்கள் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடுகிறார்கள். தவ முயற்சி உள்ளத்தளவிலும் தனிமனித அளவிலும் நின்றுவிடாமல், வெளிப்படையாகவும் சமூக அளவிலும் அமைய வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் திருவழிபாடு பற்றிய ஏட்டில் கேட்டுக்கொண்டது. அந்த வரியை மேற்கோள் காட்டும் மறையுரைகள் பல கேட்டிருக்கிறேன். அது சாப்பாட்டுப் பந்தியாக அமைந்ததை இங்கேதான் கண்டேன். இந்த ஆண்டு ரமலான் நோன்பும் தவக்காலமும் ஒரே வாரத்தில் தொடங்கியதால், மாலை வேளைகளில் சுற்று வட்டாரப் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சியும் இங்கே தவக்காலக் கஞ்சியும் ஒரே நேரத்தில் கொதித்துக்கொண்டிருந்தன என்பதையும் மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறேன்.

சிலுவைப்பாதை, கோவிலிலிருந்து புறப்பட்டுக் கடற்கரைத் தெரு வழியாகச் சுற்றி மீண்டும் கோவிலுக்கு வருகிறது. இயேசுவின் பாடுகளை நினைவுகூர நின்று செபிக்கும் பதினான்கு தலங்களுக்கும் தெருவில் வெவ்வேறு வீட்டு முற்றங்களில் சிலுவை நட்டு, குத்துவிளக்கு ஏற்றிவைக்கிறார்கள். கையேட்டில் உள்ள சிந்தனைகளைப் பங்கு மக்களே எழுதியிருப்பதாகத் தெரிகிறது; சில மிக நன்றாக இருக்கின்றன. ஐந்தாம் தலத்தில், இயேசுவின் சிலுவையைச் சுமக்க உதவிய சிரேன் ஊர் சீமோனைப் பற்றிய சிந்தனை, படகைக் கரையேற்றும்போது வழியோடு போகிறவரும் கயிற்றைப் பிடித்து இழுப்பதை எடுத்துக்கொண்டு பேசுகிறது. பதின்மூன்றாம் தலத்தின் சிந்தனை அதைவிட ஆழமானது. இறந்த மகனை மடியில் வாங்கிய மரியாவைப் பற்றிய அந்தத் தலத்தில், 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கி புயலில் கடலுக்குள் போனவர்களின் உடலைக்கூட மடியில் வாங்கக் கொடுத்துவைக்காத இக்கடற்கரைத் தாய்மாரை ஒரே வாக்கியத்தில் நினைவுகூர்ந்துவிட்டு, விளக்கம் எதுவும் சேர்க்காமல், “எங்கள் பேரில் தயவாயிரும் சுவாமி” என்ற மன்றாட்டுக்குப் போய்விடுகிறார்கள். அந்த இடத்தில் எழுதியவர் காட்டிய அடக்கம் பெரிது.

ஆனால் எல்லாத் தலங்களுக்கும் அந்த அடக்கம் வாய்க்கவில்லை. இரண்டாம், ஒன்பதாம் தலங்களின் சிந்தனைகள் கைப்பேசி, மது, தொலைக்காட்சித் தொடர், இளைஞர்களின் போக்கு என்று நீண்டு, முழங்காலில் நிற்கும் முதியவர்களை மறந்துவிடுகின்றன. கையேட்டின் எழுத்தும் மிகச் சிறியது. தெருவிளக்கு வெளிச்சத்தில் நாற்பது வயதைக் கடந்தவர்கள் படிப்பது கடினம்.

ஒலிபெருக்கி ஏற்பாடுதான் இந்தப் பங்கு உடனே திருத்த வேண்டிய பெரிய குறை. ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஊர்வலத்தின் முன்னே போகிறது. பின்வரிசையினர் தெருமுனையைத் திரும்புவதற்குள் முன்வரிசையில் அடுத்த தலம் தொடங்கிவிடுகிறது. இதனால் முன்னே இருப்பவர்கள் எட்டாம் தலத்தில் முழங்காலிட, பின்னே இருப்பவர்கள் ஏழாம் தலத்தின் பாடலைப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். தலத்துக்குத் தலம் பாடல் பாடுவதே நடப்பதற்கான இடைவெளியைத் தருவதற்காகத்தான். பாடல் முடிந்து, கடைசி வரிசை வந்து சேர்ந்ததை ஒருவர் கைகாட்டி உறுதிசெய்த பிறகு அடுத்த தலத்தைத் தொடங்கினால் போதும். செலவு எதுவும் இல்லை. ஒலிநாடாப் பாடலை நிறுத்திவிட்டு மக்களையே பாடவிட்ட ஒரு வெள்ளியன்று ஊர்வலம் தானாகவே ஒன்றாக நகர்ந்ததை நான் கவனித்தேன்.

மிச்சம் பிடிக்கும் பணத்துக்கு என்ன ஆகிறது என்பதில்தான் ஒரு பங்கின் தவக்காலம் எவ்வளவு உண்மையானது என்று தெரியும். திருநீற்றுப் புதனன்று, நெற்றியில் சாம்பல் பூசி முடிந்ததும், வீட்டுக்கு ஒரு சிறிய மண் உண்டியல் கொடுக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மீன் வாங்காததால் மிஞ்சும் தொகையை அன்றே அதில் போட வேண்டும். குருத்தோலை ஞாயிறன்று காணிக்கை வேளையில் உண்டியல்களைப் பீடத்தின் முன் கொண்டுவந்து வைக்க வேண்டும். திருநீற்றுப் புதனை அடுத்த வெள்ளியன்று வாசிக்கப்படும் எசாயா 58-ஆம் அதிகாரம், பசித்தோர்க்கு உணவைப் பகிர்ந்து கொடுப்பதையும் தங்க இடமற்றோரை இல்லத்துக்கு அழைத்து வருவதையுமே நோன்பு என்று சொல்கிறது. அந்த வாசகத்தையே உண்டியலில் ஒட்டும் தாளில் அச்சிட்டிருந்தார்கள். திரண்ட தொகையில் ஒரு பகுதி, நாடு முழுவதும் காரித்தாஸ் இந்தியா நடத்தும் தவக்காலத் திரட்டலுக்காக மறைமாவட்டத்துக்குப் போகிறது. மறுபகுதியை, ஏழைகளுக்கு உதவும் பொதுநிலையினர் அமைப்பான வின்சென்ட் தே பவுல் சபையினர், கணவனைக் கடலில் இழந்தவர்களின் வீடுகளுக்கும், நீண்டகால நோயாளிகள் இருக்கும் வீடுகளுக்கும் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். மொத்த வரவும் இரண்டு பகுதிகளின் தொகையும் கோவில் அறிவிப்புப் பலகையில் எழுதப்படுகின்றன. பெற்றுக்கொண்டவர்களின் பெயர் எங்கும் வருவதில்லை, நிழற்படம் எடுப்பதும் இல்லை. வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியாதிருக்கட்டும் என்ற மத்தேயு 6-ஆம் அதிகாரத்தின் நற்செய்தியைத் திருநீற்றுப் புதனன்று கேட்டுவிட்டு, உதவி வழங்கும் படத்தைப் பதாகையில் அச்சிடும் பழக்கம் நம் ஊர்களில் மிகுந்துவிட்ட நிலையில், இந்தக் கட்டுப்பாட்டைக் காக்க இவர்கள் எவ்வளவு உறுதியோடு இருந்திருக்க வேண்டும் என்று எண்ணிப்பார்க்கிறேன்.

ஒப்புரவு அருளடையாளத்துக்கான, அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்கான ஏற்பாடு அந்த அளவுக்கு நிறைவு தரவில்லை. பெரிய வாரத்துக்கு முந்தைய ஒரே மாலையில், அண்டைப் பங்குகளின் குருக்களை வரவழைத்து, ஊர் முழுவதையும் வரிசையில் நிறுத்திவிடுகிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே பாவசங்கீர்த்தனம் செய்ய வருபவர் பலர் அந்த வரிசையில் இருக்கிறார்கள். பின்னால் நிற்பவர்களின் நெருக்கடியில் அவர்கள் சொல்ல வந்ததை முழுதாகச் சொல்ல முடியாமல் எழுந்துவருவது வேதனையாக இருக்கிறது. வெள்ளிதோறும் சிலுவைப்பாதைக்கு முன் ஒரு மணி நேரம் ஒரு குரு அமர்ந்தால் இந்த நெரிசல் குறையும். மூன்று மாலைகள் நடந்த தவக்காலத் தியானத்தில் பாடல் வழிபாடு நன்றாக இருந்தது, உரைகள் நீளம். அதிகாலையில் கடலுக்குப் போக வேண்டிய ஆண்கள் இரண்டாம் நாளே வரவில்லை என்பதைத் தியானக் குழுவினர் கவனிக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு திருநீற்றுப் புதன் பிப்ரவரி 10 அன்றே வந்துவிடுகிறது; உயிர்ப்புப் பெருவிழா மார்ச் 28. கோடை வெயில் முற்றுவதற்கு முன்பே தவக்காலம் முடிந்துவிடும் என்பதால், குழந்தைகளையும் முதியவர்களையும் தெருச் சிலுவைப்பாதைக்கு அழைத்துச்செல்ல ஏற்ற ஆண்டு. இதுபோன்ற கஞ்சி வெள்ளியைத் தங்கள் பங்கில் தொடங்க விரும்புவோர், ஒரே உணவுப் பட்டியல், தரையில் பந்தி, பெயர் வெளியிடாத உதவி ஆகிய மூன்றையும் முதல் பங்குப்பேரவைக் கூட்டத்திலேயே முடிவுசெய்துகொள்வது நல்லது; பாதியில் கொண்டுவந்தால் யாரையாவது சுட்டியதாக ஆகிவிடும். நேரில் பார்க்கவே இக்கடற்கரைக்கு வருகிறவர்கள் மாலை ஐந்து மணிக்குள் கோவில் முற்றத்தை அடைந்துவிட வேண்டும். கஞ்சிக்குக் கட்டணமோ முன்பதிவோ கிடையாது. கூடுதலாகக் கொடுக்க விரும்புவோரிடம் ஊரார் கேட்பது தேங்காயும் பழுத்த பிலாவிலையும்தான். கடற்கரையில் பலாமரம் இல்லாததால், உள்நாட்டிலிருந்து வருபவர்கள் ஒரு கட்டு இலை கொண்டுவந்தால் மிகுந்த மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வார்கள்.