லெகோ கேலக்ஸி எக்ஸ்ப்ளோரர்: பழசா, புதுசா?

இந்த லெகோ விண்கப்பலை விளையாட மட்டும் வாங்குகிறீர்கள் என்றால் 2022-இல் வந்த 10497 எண் செட் போதும். கட்டும்போது கிடைக்கிற சுகம் 1979-இல் வந்த 928 எண் செட்டில்தான். மொத்தமே 338 துண்டுகள். அதற்குள் நீலமும் சாம்பலுமாக ஒரு கப்பல், மஞ்சள் கண்ணாடி, நான்கு விண்வெளி வீரர் பொம்மைகள், பள்ளம் விழுந்த நிலாத் தரை, பின்கதவைத் திறந்தால் உள்ளே ஒரு குட்டி வண்டி என்று எல்லாவற்றையும் அடக்கியிருக்கிறார்கள். அந்தக் காலத்து விளக்கப் புத்தகம் ஒரே படத்தில் பல துண்டுகளைச் சேர்த்துவிடும், எந்தத் துண்டு என்று தனியாகக் காட்டாது, முந்தைய படத்தோடு ஒப்பிட்டு நாமே கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு அதுதான் பிடித்தது.

ஆனால் பழைய செட் வாங்கப் போகிறவர்கள் கொஞ்சம் உஷாராக இருங்கள். எனக்கு விற்றவர் "முழு செட்" என்றுதான் சொன்னார். வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் சாம்பல் கட்டைகளில் பாதி வேறு நிறம். லெகோ 2004 வாக்கில் சாம்பலை லேசாக நீலம் கலந்த சாயலுக்கு மாற்றிவிட்டது, பழசோடு சேர்த்தால் ஒட்டுப்போட்ட மாதிரி தெரியும். அப்புறம் வீரர்களின் ஹெல்மெட். தாடைக்குக் கீழே அந்த மெல்லிய பட்டை பெரும்பாலும் உடைந்துதான் இருக்கும், அதனால் பணம் கொடுக்கும் முன் நெருக்கத்தில் எடுத்த படம் கேளுங்கள். வீரர்களின் நெஞ்சில் இருக்கும் தங்க நிறச் சின்னம் தேய்ந்திருக்கிறதா, மஞ்சள் கண்ணாடியில் விரிசல் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். வெள்ளைக் கட்டை பழுத்துப்போயிருந்தால் கவலை இல்லை, ஹைட்ரஜன் பெராக்சைடில் போட்டு வெயிலில் வைத்தால் ஓரளவு வெளுக்கும். கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள், சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம். குறைகிற துண்டுகளை பிரிக்லிங்க் என்ற லெகோ துண்டுகள் விற்கும் இணையச் சந்தையில் ஒவ்வொன்றாகத் தேடலாம், ஆனால் அச்சிட்ட துண்டுகளுக்கு விலை எகிறும், தபால் செலவு வேறு.

இதெல்லாம் தலைவலி என்றால் 10497-தான் சரி. 1254 துண்டுகள், அதே நிறங்கள், சுமார் ஒன்றரை மடங்கு பெரிசு, மடக்கும் கால்கள் உண்டு, ஹெல்மெட்டும் கெட்டி. அதே துண்டுகளில் பழைய 924, 918 கப்பல்களின் புது வடிவத்தையும் கட்டலாம். நிலாத் தரை மட்டும் அதில் கிடையாது. அது எனக்கு இன்னும் உறுத்தல்தான்.