மூன்று மழைக்காலம், ஒரே சத்தம்: என் கிராவல் ரேஸ் பிரேம்

போன வாரம்தான் சரளை மண் பாதையில் ஓட்டுகிற என் கிராவல் சைக்கிளின் பாட்டம் பிராக்கெட்டை (பெடல் அச்சு சுழல்கிற இடம்) மூன்றாவது முறையாகக் கழற்றி மாட்டினேன். கை கிரீஸ் காய்வதற்குள் மார்த்தாண்டத்திலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். "அண்ணே, நீங்க ஓட்டுற அதே பிரேம் வெலை நல்லா கொறஞ்சிருக்கு. எடுக்கட்டா?" பத்து நிமிடம் பேசினோம். நேரான பதில் என் வாயிலிருந்து வரவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

2022 நவம்பரில் வாங்கியது. கார்பன் பிரேம், 45 மி.மீ. டயர் வரை இடம், பிரஸ்ஃபிட் பாட்டம் பிராக்கெட். இதுவரை 14,000 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே ஓடியிருக்கிறது.

எங்கள் ஊரில் கிராவல் என்றால் வீடு கட்டுகிற இடத்தில் டிப்பர் கொண்டுவந்து தட்டுகிற செம்மண். அந்த மாதிரி சரளும் மண்ணும் கலந்த பாதை நீளமாக வேண்டும் என்றால் கால்வாய்க் கரைக்குத்தான் போக வேண்டும். தோவாளைக் கால்வாய், அனந்தனார் கால், மாத்தூர் தொட்டிப்பாலத்தின் மேலே ஓடுகிற பட்டணங்கால். கரையை ஒட்டிப் பல இடங்களில் மண் தடம். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல் அல்லது வாழை.

இந்தப் பிரேமின் அருமை தெரிவது ஆடி மாதம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. அந்தக் காற்று கால்வாய்க் கரையில் பக்கவாட்டில் அடிக்கும்போது என் பழைய ஹைபிரிட் சைக்கிள் தண்ணீர்ப் பக்கமாகவே இழுக்கும். தோள் இறுகிவிடும். இதில் அது இல்லை. ரோடு சைக்கிளைவிட வீல்பேஸ், அதாவது இரண்டு சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரம், நீளம்; பாட்டம் பிராக்கெட் சக்கர ஆக்சிலுக்கு 78 மி.மீ. கீழே. அதனால் சக்கரங்களின் மேலே ஏறி உட்கார்ந்த மாதிரி இல்லாமல் அவற்றுக்கு நடுவே இறங்கி உட்கார்ந்த மாதிரி இருக்கும். முன்சக்கரம் ஒரு சரளைக் கல்லில் ஏறிச் சறுக்கினாலும் ஹேண்டில்பாரைப் பிடித்துத் திருத்த வேண்டாம், விட்டால் தானே நேராகிவிடும். கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இறக்கத்தில் ஈரச் சருகு மேலே வரும்போதும் அப்படித்தான். இருபது வருடமாகச் சைக்கிள் மிதிக்கிறேன். இவ்வளவு நம்பிக்கை எந்தச் சைக்கிளும் தந்ததில்லை.

சரி, சத்தத்துக்கு வருவோம்.

2023 ஜூனில் மழை தொடங்கி மூன்றாவது வாரம். வலது பெடல் கீழே போகும்போது 'கறக்'. ஒவ்வொரு மிதிக்கும் ஒன்று. முதலில் பெடல் என்று நினைத்தேன். மாற்றினேன். சீட்போஸ்ட் என்றார்கள். கழற்றித் துடைத்து மாட்டினேன். செயின்ரிங் போல்ட், பின் ஆக்சில், பாட்டில் கேஜ் ஸ்குரூ எல்லாம் பார்த்தாயிற்று. விடியற்காலை கால்வாய்க் கரையில் மடையில் தண்ணீர் விழுகிற சத்தமும் மீன்கொத்தியும்தான் கேட்க வேண்டும். அங்கே இந்தக் 'கறக்' காதுக்குள் ஆணி அடிக்கிற மாதிரி. சத்தம்தானே, ஓடுகிறதே என்பார்கள். இரண்டு மணி நேரம் அதைக் கேட்டுக்கொண்டு மிதித்துப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

பிரஸ்ஃபிட்டில் மரை கிடையாது. பேரிங்கைத் தாங்குகிற கப்பை பிரேம் ஓட்டைக்குள் அழுத்தி ஏற்றுவதுதான். என் பிரேமில் ஓட்டையின் விட்டம் 46 மி.மீ. இருக்க வேண்டும். வெர்னியர் வைத்துப் பார்த்தால் வலது பக்கம் ஒரு திசையில் 46.1. வட்டம் கொஞ்சம் முட்டையாகியிருக்கிறது. அந்த இடைவெளியில் கப் இம்மியளவு அசைகிறது, அந்த அசைவுதான் சத்தம். வாரண்டி கேட்டேன். அளவு அனுமதித்த எல்லைக்குள்தான் இருக்கிறது என்று ஒரே வரியில் பதில் வந்தது.

முதல் முறை கிரீஸ் வைத்து ஏற்றியதில் இரண்டு மாதம் அமைதி. அடுத்த வருடம் கப்பும் பேரிங்கும் புதிது. ஐப்பசி மழை வந்ததும் பழைய கதை. நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதை எந்த விமர்சனமும் கணக்கில் எடுப்பதில்லை.

போன வாரம் சைக்கிள் மெக்கானிக் அண்ணாச்சி கடையில் நானும் கூடவே நின்றேன். கப்பை உள்ளிருந்து தட்டி எடுக்க கோட்டாறில் லேத்தில் கொடுத்து நைலானில் ஒரு கட்டை கடைந்து வைத்திருந்தார். சுத்தியல் ஒவ்வொரு முறை விழும்போதும் கார்பன் விரிசல் விட்டுவிடுமோ என்று எனக்கு வயிறு கலங்கியது. ஆறாவது அடியில் கப் வந்தது. வெளிப்பக்கம் முழுக்க வெள்ளைப் பொடி, வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பு காய்ந்த மாதிரி. விரலால் தேய்த்தால் அடியில் அலுமினியம் அரித்துக் குழி குழியாக இருந்தது. "கடக்கரைக்குப் போறியளா?" என்று கேட்டார். சங்குத்துறை, முட்டம் என்று வாரம் ஒரு சாயங்காலம் போகிறேன். கார்பன் மின்சாரம் கடத்தும். அதோடு அலுமினியம் ஒட்டியிருக்க, நடுவே உப்புத் தண்ணீர் போனால் பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியத்தைத் தின்றுவிடும். இந்த வகைப் பிரேம்களுக்குப் பெரிய பரீட்சை கன்சாஸில் நடக்கும் அன்பவுண்ட் பந்தயம், 200 மைல். அங்கே டயரைக் கிழிக்கிற சக்கிமுக்கிக் கல் உண்டு. கடல் கிடையாது.

இப்போது இரண்டு கப்பும் நடுவில் ஒன்றோடொன்று மரையாக முறுக்கிச் சேர்கிற வகையைப் போட்டு, கப்பைச் சுற்றி லாக்டைட் 609 என்கிற பசை தடவி, ஒரு நாள் காய விட்டோம். பெங்களூரிலிருந்து பொருள் வரப் பதினொரு நாள். கூலியோடு ₹7,200. 160 கிலோமீட்டர் ஓட்டியாயிற்று, சத்தம் இல்லை. ஜூன் வரட்டும்.

தம்பி, எடை, காற்றுக் கிழிப்பு, யார் எந்தப் பந்தயம் ஜெயித்தார்கள் என்பதெல்லாம் அப்புறம். பிரேம் பார்க்கும்போது முதலில் பாட்டம் பிராக்கெட்டைப் பார். மரை உள்ளதாக இருக்க வேண்டும். பழைய பி.எஸ்.ஏ. மரை என்றால் நாகர்கோவிலில் எந்தக் கடையிலும் கை வைப்பார்கள், வலது கப்புக்கு மட்டும் மரை எதிர்ப்பக்கம் என்பது அவர்களுக்கே தெரியும். டி47 என்கிற புதிய, பெரிய மரை என்றாலும் சரி. அதிலும் உப்பு ஏறும்தான், ஆனால் வருடம் ஒருமுறை கழற்றித் துடைத்து கிரீஸ் வைத்து நீயே மாட்டலாம், சுத்தியல் வேண்டாம். அடுத்தது டயர் இடம். 40 டயர் போடுகிறவன் 45-க்கு இடமுள்ள பிரேம் எடு. நம் செம்மண் நனைந்தால் களியாகி ஃபோர்க்கில் அப்பிக்கொள்ளும். அரை கிலோ கூடினாலும் மரை வைத்த அலுமினியம் பிரேம் போதும் உனக்கு.

அதனால் இதை எடுக்காதே. எவ்வளவு விலை குறைந்தாலும் வேண்டாம்.

"அப்போ ஒங்க பிரேமைக் குடுத்திருவீங்களாண்ணே?" என்று கடைசியில் கேட்டாய். அதைக் கொடுக்கமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குத் தோவாளைக்கு வா, உன் பெடலை மட்டும் எடுத்துக்கொண்டு. கால்வாய்க் கரையில் காற்றுக்கு எதிரே ஒரு தடவை, பக்கக் காற்றில் ஒரு தடவை ஓட்டிப் பார்.