உறவுகளைக் குறித்துவைக்க எந்த மென்பொருள்? டெல்லியிலிருந்து ஒரு நீண்டகால அனுபவம்

தொடர்புகளை நிர்வகிக்கும் மென்பொருள்கள் பெரும்பாலும் வியாபாரத்துக்காகப் பிறந்தவை. வாடிக்கையாளர் யார், கடைசியாக எப்போது பேசினோம், அடுத்து எப்போது பேச வேண்டும் என்பதுதான் அவற்றின் கவலை. அதே அமைப்பைச் சொந்த வாழ்க்கைக்கு ஏற்ப மாற்றித் தருகிற செயலிகள் இப்போது நிறைய வந்துவிட்டன. அவற்றில் சிலவற்றைப் பல வருடங்களாகப் பயன்படுத்திவருகிறேன். என் தேவை என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தேவை மாறினால் தேர்வும் மாறும்.

நான் டெல்லியில், நேதாஜி நகர் அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவள். எங்கள் பிளாக்கைச் சுற்றித் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. 2016இல் சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் உட்பட ஏழு அரசுக் குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்ட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அப்புறம் ஒவ்வொரு பிளாக்காகக் காலியானது. சிலர் ஆர்.கே. புரத்துக்கு மாற்றிக்கொண்டார்கள், சிலர் மயூர் விஹாரிலும் துவாரகாவிலும் சொந்த வீட்டுக்குப் போனார்கள், பணி ஓய்வு பெற்றவர்கள் திருச்சி, கோவை, தாம்பரம் என்று ஊர் திரும்பினார்கள். அம்மாவின் டைரியில் இருந்த எம்டிஎன்எல் தரைவழித் தொலைபேசி எண்கள் எதுவும் இப்போது மணி அடிப்பதில்லை. இந்தக் குடும்பங்களோடு தொடர்பு விட்டுப்போகாமல் இருக்க வேண்டும். யார் எங்கே இருக்கிறார்கள், வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, எந்தப் பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள், நம் வீட்டு விசேஷத்துக்கு அவர்கள் என்ன செய்தார்கள் என்பதெல்லாம் நினைவில் இருக்க வேண்டும். மலை மந்திர் முருகன் கோவிலில் யாரையாவது பார்த்தால், பையனின் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எப்படிப் போனது என்று உடனே கேட்க வேண்டும். இது எனக்கு முக்கியம்.

எந்தச் செயலியைத் தேடுவதற்கும் முன்னால் கூகுள் தொடர்புகளை ஒழுங்கு செய்யுங்கள் என்பேன். எல்லா எண்களையும் +91 சேர்த்துப் பத்து இலக்கமாக மாற்றுங்கள். முன்னால் பூஜ்யம் போட்டது ஒன்று, போடாதது ஒன்று என்று இருந்தால் ஒரே ஆள் இரண்டு மூன்று இடத்தில் நிற்பார். நகல்களை இணைக்கும் வசதி நன்றாகவே வேலை செய்கிறது. தவறாக இணைந்துவிட்டால் முப்பது நாட்களுக்குள் பழைய நிலைக்குத் திருப்பிக்கொள்ளலாம். நம் பெயர்களில் ஒரு சிக்கல் உண்டு. முன்னெழுத்தை முதல் பெயர்க் கட்டத்தில் போட்டால், அகரவரிசையில் எல்லோரும் முன்னெழுத்தின் கீழ் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். அதனால் முன்னெழுத்தைக் கடைசிப் பெயர்க் கட்டத்தில் போடுகிறேன். ஆங்கிலத்தில் ஒரே பெயரை ஆளுக்கு ஒரு விதமாக எழுதுகிறார்கள் என்பதால், புனைபெயர்க் கட்டத்தில் தமிழில் எழுதிவைக்கிறேன். எப்படித் தேடினாலும் கிடைத்துவிடும். உறவு என்ற கட்டத்தில் நமக்கு வேண்டிய சொல்லை நாமே எழுதலாம். சம்பந்தி, ஓரகத்தி எல்லாம் அப்படியே போடலாம். எண்ணும் முகவரியும் பிறந்தநாளும் மட்டும் போதும் என்பவர்களுக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது.

அடுத்து டெக்ஸ், கிளே போன்ற செயலிகள். தோற்றம் அழகு, வேகம் அருமை. லிங்க்ட்இன், மின்னஞ்சல், நாட்காட்டி எல்லாவற்றிலிருந்தும் விவரங்களை எடுத்து, ஒரு ஆளைப் பற்றிய பக்கத்தை அவையே நிரப்பிவிடுகின்றன. வேலை மாறினால் சொல்கின்றன. குர்கானிலும் நொய்டாவிலும் வேலை செய்துகொண்டு தொழில் வட்டத்தைப் பெரிதாக வைத்திருப்பவர்களுக்கு இவை உண்மையிலேயே உதவும், என் தம்பி டெக்ஸைத்தான் வைத்திருக்கிறான். ஆனால் கோவையில் இருக்கும் எழுபது வயது ஆன்ட்டிக்கு லிங்க்ட்இன் கிடையாது. அவருடைய பக்கத்தில் இருப்பதெல்லாம் நான் எழுதியது மட்டும்தான். இன்னொன்று, கிளேயை 2025இல் ஆட்டோமேட்டிக் நிறுவனம் வாங்கியது. இந்தத் துறையில் இப்படிக் கைமாறுவது சாதாரணம் என்பதால், முப்பது வருட உறவின் குறிப்புகளை மாதச் சந்தாவை நம்பி வைக்க எனக்கு மனம் வரவில்லை.

மோனிகாவைத்தான் நீண்ட காலம் வைத்திருந்தேன். 2017இல் ரெஜிஸ் ஃப்ரைட் என்பவர் தொடங்கிய திறமூல மென்பொருள் இது, அதாவது இதன் நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். அவர்களுடைய தளத்திலும் கணக்கு வைத்துக்கொள்ளலாம், நம்முடைய சர்வரிலேயே நிறுவிக்கொள்ளவும் செய்யலாம். எனக்குக் கணினி சார்ந்த வேலை என்பதால், டாக்கர் என்ற நிறுவல் கருவி மூலம் ஒரு சிறிய வாடகை சர்வரில் நிறுவிக்கொண்டேன். வீட்டுக்காரரையும் அதே கணக்கில் சேர்த்தேன். அவர் பக்க உறவினர்களை அவர் எழுதுவார், என் பக்கத்தை நான் எழுதுவேன்.

இதை உருவாக்கியவர்கள் மனித உறவுகளைப் பற்றி உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்பது பயன்படுத்தப் பயன்படுத்தப் புரியும். பிறந்தநாள் கட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முழுத் தேதி தெரியும், நாளும் மாதமும் மட்டும் தெரியும், வயது தோராயமாகத் தெரியும், எதுவுமே தெரியாது என்று நான்கு வழி வைத்திருக்கிறார்கள். நம் பெரியவர்கள் பலருக்குப் பள்ளிச் சான்றிதழ்த் தேதி ஒன்று, உண்மையான தேதி ஒன்று என்று இருக்கும்போது இது பெரிய உதவி. மறைந்தவர்களைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டியதில்லை, மறைந்தவர் என்று குறித்துத் தேதியும் போட்டுவைக்கலாம். எப்படி அறிமுகம், என்ன சாப்பிட மாட்டார் என்பதற்கெல்லாம் இடம் உண்டு. பரிசுக்கும் கடனுக்கும் தனித்தனிப் பகுதி இருக்கிறது. பரிசுப் பகுதியை நான் மொய் நோட்டாகவே வைத்திருந்தேன். எந்தக் கல்யாணத்துக்கு யார் என்ன எழுதினார்கள், புடவையா, வெள்ளிக் குங்குமச் சிமிழா, ரொக்கமா என்று எல்லாம் அதில் ஏறியது. திருப்பிச் செய்ய வேண்டிய நேரத்தில் பரண்மேல் ஏறி நோட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை.

குறைகளும் உண்டு. நினைவூட்டல்கள் மின்னஞ்சலில்தான் வரும், அதற்கு அஞ்சல் சேவையை நாம்தான் இணைக்க வேண்டும். கைபேசியில் உலாவி வழியாகத்தான் எழுத வேண்டியிருந்தது. மெட்ரோவில் போகும்போது ஒரு அழைப்பு முடிந்ததும் இரண்டு வரி எழுதலாம் என்றால், பக்கம் திறப்பதற்குள் அடுத்த நிலையம் வந்துவிடும். அப்புறம் எழுதலாம் என்று தள்ளிப்போடுவது பெரும்பாலும் எழுதாமலே போய்விடும். முழுக்க மாற்றி எழுதும் புதிய பதிப்பு ஒன்று நீண்ட காலமாகச் சோதனை நிலையில் இருந்ததால், பழையதில் இருப்பதா புதியதற்குப் போவதா என்ற தயக்கமும் கூடவே இருந்தது.

ஆனால் நான் மாறியதற்கு இவை எதுவும் காரணமில்லை. மோனிகாவும் மற்ற எல்லாச் செயலிகளும் ஆளுக்கு ஒரு பக்கம் திறக்கின்றன. நம் பழக்கமோ வீட்டுக்கு வீடு நடப்பது. "திருச்சி வீட்டுக்குப் பேசியாச்சா?" என்றுதான் அம்மா கேட்பார். அந்த வீட்டில் யார் போனை எடுத்தாலும் அது அந்த வீட்டோடு பேசியதுதான். பத்திரிகை வைப்பது வீட்டுக்கு, மொய் எழுதுவது வீட்டின் பெயரில், துக்கம் விசாரிப்பதும் வீட்டுக்கே. மோனிகாவில் அப்பாவோடு பேசியதை எழுதினால், அம்மாவின் பக்கம் பல மாதமாகப் பேசவில்லை என்று காட்டும். குறிச்சொல் போட்டுச் சமாளித்துப் பார்த்தேன். அப்போதும் ஒரே செய்தியை நான்கு பக்கங்களில் எழுத வேண்டியிருந்தது.

இத்தனை நாளுக்கு ஒருமுறை பேசு என்ற நினைவூட்டலும் அப்படித்தான், ஏறக்குறைய எல்லாச் செயலியிலும் அது உண்டு. நம்முடைய தொடர்பு விசேஷத்தை ஒட்டி அமைகிறது. பொங்கலுக்குப் பேசுவோம், பரீட்சை முடிவு வந்தால் பேசுவோம், ஆஸ்பத்திரியிலிருந்து வந்தால் போய்ப் பார்ப்போம். நடுவில் ஆறு மாதம் இடைவெளி விழுந்தால் யாரும் வருத்தப்படுவதில்லை. விசேஷத்துக்குக் கூப்பிடாவிட்டால்தான் வருத்தம்.

ஒருவரால் ஏறக்குறைய 150 பேரோடுதான் உறவைப் பேண முடியும் என்ற மானுடவியலாளர் ராபின் டன்பாரின் கருத்தைப் பலர் இந்தச் செயலிகளோடு சேர்த்துப் பேசுவார்கள். அவரும் ரஸ்ஸல் ஹில்லும் 2003இல் பிரிட்டனில் கிறிஸ்துமஸ் அட்டைகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அட்டைகள் போய்ச் சேரும் வீடுகளில் இருப்பவர்களை எல்லாம் எண்ணியபோது சராசரி 153.5 வந்தது. எனக்கு அதில் பிடித்தது அந்த எண்ணிக்கையைவிட எண்ணிய விதம்தான். அங்கேயும் அட்டை வீட்டுக்குத்தான் போயிருக்கிறது.

இப்போது ஒப்சிடியனுக்கு வந்துவிட்டேன். அது குறிப்பெழுதும் மென்பொருள், தொடர்புகளுக்கென்று செய்ததில்லை. எல்லாமே நம் கணினியில் சாதாரண உரைக் கோப்புகளாக இருக்கும். சொந்தப் பயன்பாட்டுக்கு இலவசம். வீட்டுக்கு ஒரு கோப்பு வைத்தேன், பெயரும் நாங்கள் பேசுவது போலவே: திருச்சி வீடு, மயூர் விஹார் பாங்க் அங்கிள் வீடு. கோப்பின் மேலே முகவரி, வீட்டில் யார் யார், எப்படிப் பழக்கம். அதன் கீழே செய்முறை, அதாவது அவர்கள் செய்ததும் நாங்கள் செய்ததும். கடைசியில் தேதி போட்டுப் பேசிய விஷயம், இரண்டே வரி. பெண் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போனால் புதுக் கோப்பு திறந்து, பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் இணைப்பு கொடுத்துவிடுவேன். எந்த வீட்டோடு எந்த வீடு சம்பந்தம் என்பது அந்த இணைப்புகளில் தானாகத் தெரிந்துவிடுகிறது. தமிழில் தேடினால் உடனே கிடைக்கிறது. 2025இல் வந்த பேசஸ் என்ற வசதியால், வரும் தை மாதத்தில் விசேஷம் உள்ள வீடுகளை மட்டும் அட்டவணையாக எடுத்துப் பார்க்க முடிகிறது. கைபேசியில் செயலி சட்டென்று திறப்பதால் அழைப்பு முடிந்த கையோடு எழுதிவிடுகிறேன். எனக்கு இதுதான் பெரிய லாபம். கணினிக்கும் கைபேசிக்கும் இடையே கோப்புகள் சிங்க்திங் என்ற ஒத்திசைவு மென்பொருள் வழியாகப் போய்வருகின்றன.

நினைவூட்டல் ஒப்சிடியனில் தானாக வராது. அதைக் கூகுள் நாட்காட்டியில் வைத்திருக்கிறேன். இங்கே நான் சொன்ன எந்த மென்பொருளும் தீர்க்காத ஒரு விஷயம் இருக்கிறது. திவசம் திதிப்படி வரும், பெரியவர்களின் பிறந்தநாள் நட்சத்திரப்படி வரும். இரண்டுக்கும் ஆங்கிலத் தேதி வருடா வருடம் மாறும். வருடாந்திர நினைவூட்டல் என்று போட்டால் அடுத்த வருடமே தவறான நாளில் வரும். அதனால் கோப்பில் "ஆடி, தேய்பிறை தசமி" என்பது போல எழுதிவைத்து, புதுப் பஞ்சாங்கம் வந்ததும் உட்கார்ந்து அந்த வருடத்துத் தேதிகளை நாட்காட்டியில் ஏற்றிவிடுகிறேன். ஒரு மாலை நேரத்து வேலைதான். அறுபதாம் கல்யாணம், சதாபிஷேகம் எந்த வீட்டில் வருகிறது என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்வேன்.

அடுத்தவர் வீட்டு விஷயத்தை எழுதிவைக்கலாமா என்று என் அக்கா கேட்டாள். நியாயமான கேள்வி. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தன் சொந்த, வீட்டுத் தேவைக்காக வைத்திருக்கும் விவரங்களுக்குப் பொருந்தாது. அதனால் சட்டச் சிக்கல் இல்லை. ஆனாலும் சில வரையறைகள் வைத்திருக்கிறேன். நம்பிச் சொன்ன குடும்பச் சண்டை, வரன் தட்டிப்போன காரணம், பணக் கஷ்டம் இவற்றை எழுதுவதில்லை. அந்த வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து படித்தாலும் சங்கடப்படாதபடிதான் ஒவ்வொரு வரியும் இருக்க வேண்டும். தொடர்புப் பட்டியல் முழுவதற்கும் அனுமதி கேட்கிற செயலிகளையும் தவிர்க்கிறேன். ஐபோனில் ஐஓஎஸ் 18 முதல், தேர்ந்தெடுத்த சிலரை மட்டும் ஒரு செயலிக்குக் காட்டும் வசதி வந்துவிட்டது, அதைப் பயன்படுத்துங்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் வாரத்திலேயே தரவை வெளியே எடுத்துப் பாருங்கள். தொடர்புகளுக்குப் பொதுவான வடிவம் விகார்ட். அதன் நான்காம் பதிப்பு 2011இல் வந்தது, அதில் எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்கும் யூனிகோட் குறியீடு கட்டாயம் என்பதால் தமிழ் அப்படியே வரும். பழைய கைபேசிகள் பல 2.1 பதிப்பில்தான் ஏற்றுமதி செய்கின்றன. அதில் தமிழ்ப் பெயர்கள் சமக்குறியும் எண்ணுமாக மாறிக் கிடக்கும், சில மென்பொருள்கள் அதைத் திரும்பப் படிக்கத் திணறுகின்றன. தமிழில் பெயரும் குறிப்பும் எழுதிய ஐந்தாறு பேரை ஏற்றுமதி செய்து, வேறொரு செயலியில் ஏற்றி, குறிப்பு முழுதாக வருகிறதா என்று பாருங்கள். பெயரும் எண்ணும் எப்படியோ வந்துவிடும். குறிப்பு வரவில்லை என்றால் அந்த மென்பொருளில் மேற்கொண்டு எழுத வேண்டாம்.