பேண்டுக்கு ஆள் தேடுவது: நண்பர்களா, விளம்பரமா, ஜாம் மேடையா?

பேண்டு தொடங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதல் நாளே முழு லைன்அப்பையும் மனதில் போட்டுவிடுகிறார்கள்: ஒரு பாடகர், லீட் கிட்டார், பேஸ் (பாட்டின் அடிநாதத்தைத் தாங்கும் கிட்டார்), கீபோர்டு, டிரம்ஸ். அப்புறம் நான்கைந்து பேரையும் ஒரே சமயத்தில், ஒரே வழியில் தேடக் கிளம்புகிறார்கள். பல பேண்டுகள் முதல் ரிகர்சலுக்கு முன்பே கலைந்துபோவது இங்கேதான்.

இரண்டாவது ஆளைத் தேடுவது ஒரு வேலை. நான்காவது ஆளைத் தேடுவது வேறு வேலை. இரண்டாவது ஆள், எந்த மாதிரி பாட்டு, எவ்வளவு நேரம், எதற்காக என்பதையெல்லாம் உங்களோடு உட்கார்ந்து தீர்மானிக்கப்போகிறவர். நான்காவது ஆள் ஓடுகிற வண்டியில் ஏறுகிறவர். ஒருவரைப் பிடிக்க உதவும் வழி மற்றவரைப் பிடிக்க அவ்வளவாக உதவாது. அதனால் எந்த வழி சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதைவிட, எந்த ஆளுக்கு எந்த வழி என்று பார்ப்பதுதான் சரி என்று நினைக்கிறேன்.

முதலில் நண்பர்கள். இந்த வழியின் பலம் திறமையில் இல்லை, வருகையில் இருக்கிறது. சுமாராக வாசித்தாலும் வாரா வாரம் வந்து நிற்கிற நான்கு பேர், பிரமாதமாக வாசித்துவிட்டு மாதத்துக்கு ஒரு முறை தலைகாட்டுகிற நான்கு பேரைச் சீக்கிரமே முந்திவிடுவார்கள். ரேடியோஹெட் குழுவின் ஐந்து பேரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். 1985-ல் தொடங்கியபோது வெள்ளிக்கிழமைகளில் ரிகர்சல் என்பதால் ‘ஆன் எ ஃப்ரைடே’ என்றே பெயர் வைத்துக்கொண்டார்கள். மேற்படிப்புக்காக ஆளுக்கொரு பக்கம் பிரிந்த பிறகும் விடுமுறைகளில் கூடி வாசித்தார்கள். முதல் ஆல்பம் வந்தது 1993-ல். பெயரோ பணமோ கிடைப்பதற்கு முன்னால் இத்தனை வருடம் கலையாமல் இருக்க, முன்பின் தெரியாதவர்களைச் சேர்த்து அமைத்த குழுவால் அநேகமாக முடிந்திருக்காது.

ஆனால் நட்பு வட்டத்தில் கருவிகள் சரிசமமாக அமைவதில்லை. மூன்று பேர் கிட்டார் வாசிப்பார்கள், டிரம்ஸுக்கு ஒருவரும் இருக்க மாட்டார். கடைசியில் யாரோ ஒருவர் மனமில்லாமல் பேஸுக்குத் தள்ளப்படுவார். மனமில்லாமல் பேஸ் வாசிப்பவரைக் கண்டுபிடிப்பது சுலபம்: பாட்டின் நடுவே லீட் கிட்டார் மாதிரி மேல் தந்திகளில் ஓட ஆரம்பித்துவிடுவார், அடியில் பாட்டு காலியாகிவிடும். இன்னொரு சிக்கல், நண்பனிடம் ‘நீ இரண்டாவது சரணத்தில் வேகம் கூட்டிவிடுகிறாய்’ என்று ஒரு முறை சொல்லலாம், பத்தாவது முறை சொல்ல முடியாது. நண்பர்களோடு தொடங்குவதென்றால், பாட்டுக்குத் தேவைப்பட்டால் ஆள் மாறலாம், கருவியும் மாறலாம் என்பதை முதல் நாளே வாய்விட்டுப் பேசிக்கொள்வது நட்புக்கும் நல்லது, பேண்டுக்கும் நல்லது.

அடுத்தது விளம்பரம். நோட்டீஸ் போர்டில் ஒட்டினாலும் சரி, இசைக்கலைஞர்களுக்கான குழுமத்தில் பதிவிட்டாலும் சரி, விளம்பரம் விளம்பரம்தான். இதைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். சரித்திரம் விளம்பரத்தின் பக்கம் நன்றாகவே நிற்கிறது. 1976-ல் டப்ளினில் லாரி முல்லன் என்ற 14 வயதுப் பையன் தன் பள்ளி நோட்டீஸ் போர்டில் ஆள் தேவை என்று எழுதி ஒட்டினான். அவன் வீட்டுச் சமையலறையில் கூடிய பையன்களிலிருந்துதான் யு2 உருவானது. 1981-ல் லாஸ் ஏஞ்சலஸின் வரி விளம்பரப் பத்திரிகை ஒன்றில் டிரம்மர் லார்ஸ் உல்ரிச் கொடுத்த விளம்பரம் அவரை ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது, மெட்டாலிகா பிறந்தது. 1968-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் கிட்டார் கலைஞர் பிரையன் மே தரப்பில் ஒட்டிய நோட்டீஸ், அப்போது பேர்பெற்ற டிரம்மர்களான மிட்ச் மிட்செல் அல்லது ஜிஞ்சர் பேக்கர் மாதிரி வாசிக்கிற டிரம்மர் வேண்டும் என்றது. வந்தவர் ரோஜர் டெய்லர். பிற்பாடு இருவரும் குவீன் குழுவில் இருந்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் பிக்ஸீஸ். 1986-ல் பாஸ்டனில் பேஸ் வாசிக்க ஆள் தேடினார்கள். ஹஸ்கர் டூ என்ற முரட்டு ராக் குழுவையும், ‘பீட்டர், பால் அண்ட் மேரி’ என்ற மென்மையான நாட்டுப்புறப் பாடல் குழுவையும் ஒருசேர ரசிப்பவராக இருக்க வேண்டும் என்று விளம்பரம் கேட்டது. வந்தது ஒரே ஒருவர், கிம் டீல். அவரிடம் பேஸ் கிட்டார்கூட இல்லை. ஆனால் அந்த இரண்டு பெயரும் ஏன் ஒரே வரியில் நிற்கின்றன என்று அவருக்குப் புரிந்திருந்தது. விளம்பரத்தின் வேலையே இதுதான். நிறையப் பேரை வரவழைப்பது அதன் வேலை இல்லை. பொருந்தாதவர்களை வீட்டிலேயே உட்காரவைப்பதுதான் அதன் வேலை. ஒரே ஒரு பதில் வந்தால் விளம்பரம் தோற்றுவிட்டது என்று மனம் உடைய வேண்டாம்.

அதனால் எழுதுகிற விதம் முக்கியம். ‘கிட்டாரிஸ்ட் தேவை, சீரியஸான ஆட்கள் மட்டும்’ என்று எழுதினால் யாருக்கும் எதுவும் தெரியாது. தன்னை சீரியஸ் இல்லாதவர் என்று யாரும் நினைப்பதில்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: ‘சொந்தப் பாட்டு வாசிக்கும் பேண்டு. இப்போது ஒரு பாடகர், ஒரு ரிதம் கிட்டார். மூன்று பாட்டு தயார், போனில் பதிவு செய்த டெமோ அனுப்புகிறோம். எல்லாம் மெதுவான, இடைவெளி விட்டு நடக்கிற பாட்டுகள். டிரம்மர் வேண்டும். வேகமாக வாசிக்கத் தேவையில்லை, ஆனால் பிடித்த டெம்போ நடுவில் கூடவோ குறையவோ கூடாது. ஞாயிறு காலை ரிகர்சல். இப்போதைக்கு வருமானம் இல்லை.’ இதில் கடைசி இரண்டு வரிகளைத்தான் பலர் எழுதாமல் விடுகிறார்கள். பின்னால் பேண்டு உடைவதும் பெரும்பாலும் அந்த இரண்டு விஷயங்களில்தான், நேரமும் பணமும். அவற்றை முன்கூட்டியே சொன்னால் வருகிறவர்கள் பாதியாகக் குறைவார்கள். குறையட்டும்.

விளம்பரம் கொடுத்தால் ஆடிஷன், அதாவது வாசிக்கவிட்டுப் பார்க்கிற தேர்வு, வைத்தாக வேண்டும், இந்த வழியின் உண்மையான செலவு அதுதான். 1970-ல் ஜெனிசிஸ் குழு டிரம்மர் தேடியபோது ஆடிஷன் குழுவின் பாடகர் பீட்டர் கேப்ரியலின் பெற்றோர் வீட்டில் நடந்தது. சீக்கிரம் வந்துவிட்ட ஃபில் காலின்ஸை நீச்சல் குளத்தில் கொஞ்ச நேரம் இருக்கச் சொன்னார்கள். உள்ளே மற்றவர்கள் வாசிப்பதைத் தண்ணீரில் இருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தவர், தன் முறை வருவதற்குள் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துவிட்டார். வேலை அவருக்குக் கிடைத்தது, அதற்கு அவர் முழுத் தகுதி உடையவர் என்பதையும் பின்னால் நிரூபித்தார். ஆனால் எல்லோருக்கும் ஒரே துண்டை, காதில் விழுகிற தூரத்தில் வாசிக்கக் கொடுத்தால் கடைசியில் வாசிப்பவருக்குச் சாதகம் என்பதை ஆடிஷன் வைப்பவர்கள் கவனிக்க வேண்டும். இரண்டு பாட்டை ஒரு வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள். வரும்போது பாட்டின் அமைப்பு தெரிந்திருக்கிறதா என்பதே முதல் பரீட்சை. பிறகு அவர் கேட்டே இராத ஒரு புதிய துண்டை அங்கேயே சேர்ந்து வாசியுங்கள். தயாரிப்பு ஒன்றில் தெரியும், காது இன்னொன்றில் தெரியும்.

முன்னேற்பாடு இல்லாமல் வந்தவர்கள் சேர்ந்து வாசிக்கிற ஜாம் மேடையும், யார் வேண்டுமானாலும் ஏறலாம் என்கிற ஓபன் மைக்கும் இதற்கு நேர் எதிர். விளம்பரத்தில் முதலில் பேசுகிறீர்கள், பிறகு கேட்கிறீர்கள். இங்கே பேசுவதற்கு முன்பே கேட்டுவிடுகிறீர்கள். இரண்டாவது ஆளைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஆனால் எதைப் பார்ப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். அவர் தனித்து வாசிக்கிற சோலோவைப் பார்க்காதீர்கள். மற்றவர் சோலோ வாசிக்கும்போது இவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். கிட்டாரின் வால்யூமைக் குறைக்கிறாரா? பாடகர் வாயைத் திறந்ததும் கீபோர்டுக்காரர் வலது கையை எடுத்துவிட்டு ஓரிரு ஸ்வரத்தோடு நிறுத்திக்கொள்கிறாரா? பேஸ் வாசிப்பவரின் கண் டிரம்மர் காலால் மிதித்து அடிக்கிற கிக் பெடல் மேல் இருக்கிறதா, பார்வையாளர்கள் மேல் இருக்கிறதா? யாராவது தாளம் தவறும்போது முகம் சுளிக்காமல், அடுத்த சுற்றின் முதல் அடியில் எல்லோரையும் சேர்த்துப் பிடிக்கிறவர் யார்? அவரிடம் போய்ப் பேசுங்கள். அவர் என்ன கருவி வாசிக்கிறார் என்பதைக்கூட அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஜாமின் பலவீனம், அங்கே நன்றாக வாசிக்கிற எல்லோரும் பாட்டுக்கு நன்றாக வாசிப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஒரே சுற்றை விதவிதமாக வாசிப்பதில் சுகம் காண்பவருக்கு, ஒரே பாட்டை இருபது முறை ஒரே மாதிரி வாசிக்கிற ரிகர்சல் அலுத்துவிடும். பல பேண்டுகள் கலைவதற்கு இந்தச் சலிப்பு காரணம் என்பதால், ஜாமில் பிடித்துப்போனவரோடு முழு லைன்அப் பேச்சை எடுக்காமல், முதலில் ஒரே ஒரு பாட்டைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை செய்து பார்ப்பது நல்லது.

சொல்லிவைத்து ஆள் பிடிப்பது, அதாவது மற்ற இசைக்கலைஞர்கள் மூலம் தேடுவது, டிரம்மருக்கும் பேஸுக்கும் பெரும்பாலும் சிறந்த வழி. டிரம்ஸ் இடத்தை அடைக்கிறது, சத்தம் போடுகிறது, தூக்கிக்கொண்டு அலைய முடியாது; அதனால் கிட்டார் வாசிப்பவர்களோடு ஒப்பிட்டால் டிரம்மர்கள் குறைவு. நல்ல டிரம்மர் ஏற்கெனவே ஒன்றிரண்டு குழுக்களில் இருப்பார், விளம்பரம் பார்க்க அவருக்குத் தேவையே இருக்காது. 1990-ல் டிரம்மர் டேவ் குரோலை நிர்வானா குழுவிடம் சேர்த்துவிட்டவர், இரு தரப்பையும் அறிந்திருந்த மெல்வின்ஸ் குழுவின் பஸ் ஆஸ்போர்ன். 1962 ஆகஸ்டில் பீட்டில்ஸில் சேர்ந்த ரிங்கோ ஸ்டாரும் முகம் தெரியாதவர் இல்லை. அவர் வேறொரு குழுவில் வாசித்துக்கொண்டிருந்தபோதே பீட்டில்ஸுடன் மாற்றாளாக உட்கார்ந்து வாசித்தவர். கேட்கிற விதத்தில் கொஞ்சம் பக்குவம் வேண்டும். வேறு குழுவில் இருப்பவரிடம் ‘எங்களோடு வருகிறீர்களா’ என்று நேராகக் கேட்காதீர்கள், அந்தக் குழுவின் பகை வரும். ‘உங்களுக்குத் தெரிந்த யாராவது இருக்கிறார்களா’ என்று கேளுங்கள். அவருக்கே ஆசை இருந்தால் அவரே சொல்வார். ரிகர்சல் அறையைப் பார்த்துக்கொள்பவர், சவுண்டு இன்ஜினியர், இசை ஆசிரியர் ஆகிய மூவரிடமும் கட்டாயம் சொல்லிவையுங்கள். யார் நேரத்துக்கு வருகிறார், யார் சாமான்களை எடுத்துவைக்க உதவாமல் நழுவுகிறார் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

இணையத்தில் காணொளி பார்த்து ஆளெடுப்பது பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஜர்னி குழு 2007-ல் தன் பாடகர் ஆர்னெல் பினெடாவை யூடியூபில்தான் கண்டுபிடித்தது. ஆனால் அவர்களுக்கு எப்படிப்பட்ட குரல் வேண்டும் என்பது பல வருடங்களாகத் தெளிவாகத் தெரியும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அந்தத் தெளிவு இருக்காது. காணொளி ஒருவர் வாசித்ததில் மிகச் சிறந்த பதிவைக் காட்டுகிறது, அவர் மற்றவர்களைக் கேட்கிறாரா என்பதைக் காட்டுவதில்லை. எடிட் செய்யாத ரிகர்சல் பதிவு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள், அது போதும்.

கடைசியாக, சம்பளத்துக்கு ஆள். பாட்டுகள் தயார், தேதி குறித்தாயிற்று, கையில் பணமும் இருக்கிறது என்றால் இதைவிட நிம்மதியான வழி இல்லை. ஸ்டீலி டான் குழுவின் பெக்கரும் ஃபேகனும் 1974-ல் சுற்றுப்பயணத்தை நிறுத்திவிட்டு, பாட்டுக்குப் பாட்டு ஸ்டுடியோ கலைஞர்களை வரவழைத்தே பதிவு செய்தார்கள். அற்புதமான பதிவுகள். ஆனால் அங்கேயும் மையத்தில் இரண்டு பேர் இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். இரண்டாவது ஆளைச் சம்பளத்துக்கு அமர்த்த முடியாது. சம்பளம் வாங்குபவர் நீங்கள் சொன்னதை வாசிப்பார், ‘இந்தப் பாட்டு நன்றாக இல்லை’ என்று சொல்ல மாட்டார். அதைச் சொல்லத்தான் இரண்டாவது ஆள். அமர்த்துவதென்றால் ரிகர்சலுக்கும் சேர்த்துத்தான் தொகையா, பதிவில் அவர் உருவாக்கிய மெட்டுத் துண்டுக்கு உரிமை யாருக்கு என்று எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், இரண்டாவது ஆளுக்கு ஜாம் மேடை அல்லது நீண்ட நாள் நண்பர், வேறெதுவும் வேண்டாம். இருவரும் சேர்ந்து இரண்டு மூன்று பாட்டு முடித்து, போனிலாவது பதிவு செய்த பிறகு டிரம்ஸுக்கும் பேஸுக்கும் சொல்லிவையுங்கள். அந்தப் பதிவுதான் உங்கள் அடையாள அட்டை. கையில் பாட்டோடு வருகிற இருவரை நல்ல டிரம்மர் மதிப்பார். உங்கள் ரசனை கொஞ்சம் விசித்திரமானது, சுற்றிலும் யாருக்கும் புரிவதில்லை என்றால் மட்டும் வரிசையை மாற்றி விளம்பரத்தில் தொடங்குங்கள். பாடகர் இல்லாமல் தொடங்குபவர்களுக்கும் விளம்பரம்தான். பாடத் தெரிந்தவர்கள் ஏராளமாக வருவார்கள் என்பதால் ஒரு முழு நாளை ஒதுக்கி, ஒவ்வொருவருக்கும் வசதியான ஸ்கேலில் (சுருதியில்) பாடவிட்டுக் கேளுங்கள். தேர்வாகாதவர்களுக்கு மறுநாளே ஒரு வரி எழுதிச் சொல்லிவிடுங்கள். அடுத்த வருடம் உங்கள் பேஸ் கலைஞர் விலகும்போது, நல்ல ஆளை அனுப்பிவைக்கப்போவது அவர்களில் ஒருவராக இருக்கலாம்.