பப்மெட், சினால், கூகுள் ஸ்காலர்: செவிலியர் ஆய்வுக்கு எதை முதலில் திறப்பது?

படுத்த படுக்கையாய் இருப்பவர்களை முறையாகப் புரட்டிப் படுக்க வைத்தால் படுக்கைப் புண் எந்த அளவுக்குக் குறைகிறது என்ற தலைப்பை எடுத்த எம்.எஸ்சி. நர்சிங் மாணவிக்கு வழிகாட்டியபோது, மூன்று தேடுதளங்களையும் பார்த்துவிட்டு, மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் பப்மெட்டையே முதன்மையாகக் கொண்டோம்.

கூகுள் ஸ்காலர் எல்லோருக்கும் பழக்கமானது. ஒரு கட்டுரையின் முழுப் பிரதி எங்கே கிடைக்கும், அதைப் பின்னால் யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று அறிய இன்றும் அதைத்தான் திறக்கிறேன். ஆனால் எத்தனை முடிவுகள் இருப்பதாகச் சொன்னாலும் முதல் 1000க்கு மேல் அது காட்டுவதில்லை.

சினால் செவிலியத்துக்கும் அதைச் சார்ந்த துறைகளுக்கும் என்றே உருவான தளம். பப்மெட்டில் இடம்பெறாத நர்சிங் இதழ்கள் சில அதில் உண்டு. நூலகத்தில் சந்தா இருந்த குறுகிய காலத்தில் மட்டுமே பயன்படுத்தியிருப்பதால், அதைப் பற்றி இதற்கு மேல் உறுதியாகச் சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு.

என் தேர்வைத் தீர்மானித்தது, தேடலைத் தொடர்ந்து பராமரிக்கும் வசதிதான். முதலாண்டில் செய்த தேடலை, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் அதே சொற்களோடு மீண்டும் இயக்கியாக வேண்டும். இடையில் சந்தா நின்றுபோனால் அந்த வழி அடைபட்டுவிடும். பப்மெட்டுக்குக் கட்டணமே இல்லை. அதில் ஒரு கணக்கைத் தொடங்கித் தேடலைச் சேமித்து வைத்தால், புதிய கட்டுரைகள் வரும்போது மின்னஞ்சலிலேயே தகவல் வந்துவிடும். அதைவிட முக்கியமாக, நாம் தட்டச்சிட்டதைத் தளம் எப்படிப் புரிந்துகொண்டது என்பதையும் பார்க்கலாம். ‘பெட் சோர்ஸ்’ என்று ஆங்கிலத்தில் இட்டுவிட்டு, அட்வான்ஸ்ட் பக்கத்தில் உள்ள தேடல் விவரத்தை விரித்தால், ‘பிரஷர் அல்சர்’ என்ற மெஷ் தலைப்பையும் (கட்டுரைகளைப் பொருள்வாரியாக வகைப்படுத்த இடப்படும் நிலையான சொல்) அது தானாகச் சேர்த்துக்கொண்டிருப்பது தெரியும். அதே சொல்லை மேற்கோள் குறிக்குள் இட்டால் இந்தச் சேர்க்கை நின்றுவிடுகிறது. முடிவுகள் சுருங்கிப்போகும்போது மாணவியர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

மெஷ் தலைப்பை மட்டும் நம்பினாலும் போதாது. பப்மெட்டில் உள்ள எல்லாக் கட்டுரைகளுக்கும் அந்தத் தலைப்புகள் இடப்படுவதில்லை. மேலும், 2016இல் அமெரிக்க வல்லுநர் குழு படுக்கைப் புண்ணுக்கு ‘பிரஷர் இஞ்சுரி’ என்ற பெயரை ஏற்றதால், அதன் பிறகு வந்த பல கட்டுரைகள் அந்தப் பெயரிலேயே இருக்கின்றன. ஆகவே மெஷ் தலைப்பையும், கட்டுரைத் தலைப்பிலும் சுருக்கத்திலும் வரக்கூடிய மாற்றுப் பெயர்களையும் ‘ஆர்’ (OR, அதாவது ‘அல்லது’) கொண்டு இணைத்து, அந்த முழு வரியை, தேடிய தேதியோடும் கிடைத்த எண்ணிக்கையோடும் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் சேர்க்கச் சொன்னேன்.

தலைப்பு நோயாளியின் அனுபவம் அல்லது பராமரிப்போரின் மனச்சுமை பற்றியதாக இருந்து, நூலகத்தில் சந்தாவும் இருந்தால், சினாலையும் சேர்த்துத் தேடாமல் விடக் கூடாது என்பதே என் கருத்து.